எல்லாரும் அம்மாவை விசாரிக்கிறார்கள். என்னை யார் விசாரிப்பார்கள்?

கேள்வி: எனக்கு வயது 43. எட்டு மாதங்களுக்கு முன்பு என் தங்கை சினைப்பைப் புற்றுநோயால் இறந்துவிட்டாள். நோய் தெரிந்த நாள் முதல் கடைசிவரை மருத்துவமனைக்கு அழைத்துப் போனதும் இரவில் துணைக்கு இருந்ததும் நான்தான். துக்கம் கேட்க வந்தவர்கள் அம்மாவையும் தங்கையின் கணவரையும் தேற்றினார்கள். என்னிடம் மட்டும் "நீதான் தைரியமாக இருந்து எல்லாரையும் பார்த்துக்கொள்ள வேண்டும்" என்றார்கள். முதல் மாதத்துக்குப் பிறகு தோழிகளும் அழைப்பதில்லை. "இன்னும் எத்தனை நாள் இப்படியே இருப்பாய்" என்று கணவர் கேட்கிறார். அவளுடைய எண்ணுக்கு இன்றும் நான் வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்புகிறேன். சில இரவுகளில் அவள் கூப்பிடுவதுபோலக் கேட்கிறது. வயிறு உப்புசமாக இருக்கிறது என்று அவள் முதலில் சொன்னபோது வெறும் வாயு என்று சொன்னவள் நான். அது மனத்தை விட்டுப் போகவில்லை. துக்கத்துக்கு ஐந்து கட்டங்கள் உண்டு என்கிறார்கள். எனக்கு எதுவும் அந்த வரிசையில் வரவில்லை. ஒரு நாள் வாய்விட்டுச் சிரித்துவிட்டு அன்று முழுவதும் குற்ற உணர்வில் தவித்தேன். அம்மா முன்னால் நான் அழுவதே இல்லை. நான் யாரிடம் போவது? கவுன்சலிங் போகும் அளவுக்கு எனக்கு ஏதாவது ஆகிவிட்டதா?

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

தங்கையை இழந்த உங்களுக்கு என் ஆழ்ந்த வருத்தத்தை முதலில் தெரிவித்துக்கொள்கிறேன். இந்த எட்டு மாதங்களில் உங்களிடம் நேரடியாக இதைச் சொன்னவர்கள் மிகச் சிலராகவே இருந்திருப்பார்கள் என்பது கடிதத்திலேயே தெரிகிறது.

உடன்பிறந்தவரை இழந்தவர்களின் துக்கம் பல வேளைகளில் கணக்கில் வராமலே போய்விடுகிறது. இறந்தவருக்குப் பெற்றோரும் துணையும் குழந்தைகளும் இருந்தால் எல்லாருடைய கவனமும் அவர்கள்மேல்தான் திரும்புகிறது. அக்காவும் அண்ணனும் மற்றவர்களைத் தேற்ற வேண்டியவர்களாக, சடங்குகளையும் காகித வேலைகளையும் பொறுப்பேற்றுச் செய்ய வேண்டியவர்களாகப் பார்க்கப்படுகிறார்கள். அவர்களையும் யாராவது தேற்ற வேண்டும் என்பது ஒருவருக்கும் தோன்றுவதில்லை. பெற்றோர் நமக்கு முன் போய்விடுகிறார்கள், துணையும் பிள்ளைகளும் நம் வாழ்வின் நடுவில் வந்து சேர்கிறார்கள். சிறு வயது முதல் முதுமை வரை உடன் வரக்கூடிய உறவு உடன்பிறப்பு ஒன்றுதான். உங்கள் பிள்ளைப் பருவத்தை உள்ளிருந்து பார்த்த சாட்சி ஒருவரை நீங்கள் இழந்திருக்கிறீர்கள். கென்னத் டோகா என்ற அமெரிக்க ஆய்வாளர் 1989ஆம் ஆண்டிலேயே, இழப்பு உண்மையாக இருந்தும் துக்கப்படும் உரிமையைச் சுற்றத்தார் வழங்காத நிலையைத் தனியாக அடையாளம் கண்டு எழுதினார். அந்த நிலையில் இருப்பவர்கள் காலப்போக்கில் தாங்களே அந்த உரிமையைத் தங்களுக்கு மறுத்துக்கொள்ளத் தொடங்குகிறார்கள் என்பதுதான் இதில் என்னை அதிகம் வருந்தச் செய்வது. "கவுன்சலிங் போகும் அளவுக்கு எனக்கு ஏதாவது ஆகிவிட்டதா" என்று நீங்கள் கேட்கும் தொனியில் அது கேட்கிறது. உங்களுக்கு ஆனது மிகப் பெரிது. அதற்கு உதவி நாட நீங்கள் யாரிடமும் அனுமதி பெற வேண்டியதில்லை.

அடுத்தது தோழிகள். அவர்கள் அழைக்காததை அன்பு வற்றிவிட்டது என்று உடனே முடிவு செய்ய வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். மரணம் நடந்த வீட்டில் என்ன பேசுவது என்பது பெரும்பாலோருக்குத் தெரிவதில்லை. தங்கையின் பெயரை எடுத்தால் நீங்கள் மறந்திருந்ததை நினைவூட்டிவிடுவோமோ என்று அஞ்சுகிறார்கள். நீங்கள் ஒரு நொடியும் மறக்கவில்லை என்பது அவர்களுக்குத் தெரியாது. நீங்களோ வீட்டின் தூணாக நிற்கிறீர்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு உங்கள் முகத்தில் தேவை எதுவும் தெரிவதில்லை. இப்படி இரு பக்கமும் காத்திருப்பதில்தான் மாதங்கள் ஓடிவிடுகின்றன. துயரத்தில் இருப்பவர்தான் வாய்திறந்து கேட்க வேண்டும் என்பது நியாயமற்றது என்று நீங்கள் நினைக்கலாம், நியாயமற்றதுதான். ஆனால் என் அனுபவத்தில், கேட்டால் கிடைக்கும் ஆதரவு, காத்திருந்தால் கிடைப்பதைவிடப் பல மடங்கு அதிகம்.

கேட்பதற்கு முன் ஒரு காகிதத்தில் உங்களைச் சுற்றியுள்ளவர்களின் பெயர்களை எழுதி, ஒவ்வொருவராலும் உண்மையில் என்ன தர முடியும் என்று யோசித்துப் பாருங்கள். குறுக்கே பேசாமல் கேட்கத் தெரிந்தவர் ஒருவரோ இருவரோதான் இருப்பார்கள். வேறு சிலருக்குப் பேசவே வராது, ஆனால் வங்கிக்கோ மருத்துவமனைக்கோ உடன் வரச் சொன்னால் முகம் கோணாமல் வருவார்கள். இன்னும் சிலரோடு இருக்கும்போது இழப்பைப் பற்றிப் பேச்சே வராது. ஒரு மணி நேரம் நடந்துவிட்டு வந்தால் மூச்சு சற்றுச் சீராகும். இந்த மூன்றும் ஆதரவுதான். கேட்கத் தெரியாதவரிடம் போய் மனத்தைத் திறந்து, "எல்லாம் விதி, அவள் நல்ல இடத்துக்குத்தான் போயிருப்பாள்" என்ற பதிலைப் பெற்றுக்கொண்டு புண்பட்டுத் திரும்புவதும், உண்மையில் கேட்கக்கூடியவரிடம் வீட்டு வேலை உதவியை மட்டும் கேட்டுவிட்டு வருவதும் துக்கத்தில் இருப்பவர்களுக்கு அடிக்கடி நேர்கிறது. ஆளுக்கு ஏற்றபடி கேட்டால் இந்தக் காயங்களில் பாதியைத் தவிர்க்கலாம்.

கேட்கும்போது பொதுவாகக் கேட்காதீர்கள். "எனக்கு உன் ஆதரவு வேண்டும்" என்பது கேட்பவரைத் திகைக்க வைக்கும். "ஞாயிற்றுக்கிழமை மாலை ஒரு மணி நேரம் வர முடியுமா? என் தங்கையைப் பற்றிப் பேச வேண்டும்போல் இருக்கிறது. நீ எனக்கு ஆறுதல் எதுவும் சொல்ல வேண்டாம், கேட்டால் போதும்" என்று ஒரு தோழிக்கு எழுதிப் பாருங்கள். என்ன செய்ய வேண்டும், எவ்வளவு நேரம், எதைச் செய்ய வேண்டியதில்லை என்பது மூன்றும் அதில் தெளிவாக இருப்பதால், பயந்து ஒதுங்கியிருந்தவருக்கும் வழி தெரிந்துவிடும். ஒருவர் மறுத்தாலும், வந்து சொதப்பினாலும், அடுத்தவரிடம் கேட்பதை நிறுத்தாதீர்கள். சில உறவுகள் இந்தக் காலத்தில் விலகிப் போகும், அதுவும் உண்மை. எதிர்பாராத ஒருவர், அலுவலகத்தில் அதிகம் பழகாத ஒருவர்கூட, நெருங்கி வருவதையும் நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

உங்கள் கணவரின் கேள்வியில் எரிச்சல் இருக்கலாம், இயலாமையும் இருக்கலாம். கடிதத்தை மட்டும் வைத்து என்னால் தீர்மானிக்க முடியாது. சிலர் துக்கத்தை உணர்வாக வெளிப்படுத்துவார்கள், சிலர் ஏதாவது செய்துதான் அதைக் கடப்பார்கள். இரண்டாம் வகையினருக்கு, சரிசெய்ய முடியாத ஒன்றின் முன் நாள்தோறும் நிற்பது பெரும் வேதனை. "எத்தனை நாள் என்று எனக்கே தெரியாது. அதை நீங்கள் தீர்த்துவைக்க வேண்டாம், இரவு எனக்குத் தூக்கம் வராதபோது பக்கத்தில் உட்கார்ந்திருங்கள்" என்று ஒரு முறை அமைதியாகச் சொல்லிப் பாருங்கள். அதற்குப் பிறகும் அதே கேள்வி தொடர்ந்தால், அவரிடமிருந்து எதிர்பார்ப்பதைக் கொஞ்ச காலத்துக்குக் குறைத்துக்கொண்டு மற்றவர்களிடம் செல்வதில் தவறில்லை. துணைவர் ஒருவரே எல்லாவற்றுக்கும் போதும் என்று இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

ஐந்து கட்டங்களைப் பற்றிய உங்கள் கவலையை இன்றோடு விட்டுவிடலாம். மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு என்ற அந்த வரிசையை மனநல மருத்துவர் எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969இல் முன்வைத்தார். அது மரணத்தை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளோடு அவர் நடத்திய உரையாடல்களிலிருந்து எழுந்தது. உறவை இழந்தவர்களுக்கு அதைப் பொருத்தியது பின்னால் நடந்தது. எல்லாரும் அந்த வரிசையில்தான் செல்ல வேண்டும் என்பதற்கு ஆய்வுகளில் உறுதியான ஆதாரம் இல்லை. இன்று துக்க ஆலோசகர்கள் அதிகம் சார்ந்திருப்பது, நெதர்லாந்தில் பணியாற்றிய மார்கரெட் ஸ்ட்ரோப், ஹெங்க் ஷுட் இருவரும் 1999இல் விளக்கிய பார்வையை. இழந்தவரை நினைத்து அழுவது, ஏங்குவது, புகைப்படங்களைப் பார்ப்பது ஒரு பக்கம். சமைப்பது, வேலைக்குப் போவது, புதிய பொறுப்புகளைக் கற்றுக்கொள்வது, துக்கத்திலிருந்து சற்று ஓய்வு எடுப்பது இன்னொரு பக்கம். இந்த இரண்டுக்கும் இடையே போய்ப் போய் வருவதுதான் ஆரோக்கியமான துக்கம் என்கிறார்கள் அவர்கள். ஒரே நாளில், ஏன், ஒரே மணி நேரத்தில்கூட இரண்டும் மாறி மாறி வரலாம். அதனால் நீங்கள் அன்று சிரித்தது தங்கைக்குச் செய்த துரோகம் ஆகாது. மனம் தன்னைத் தாங்கிக்கொள்ள எடுத்துக்கொண்ட இடைவேளை அது. சிரிப்பே வராமல் போயிருந்தால்தான் நான் அதிகம் கவலைப்பட்டிருப்பேன்.

"வெறும் வாயு" என்று சொன்னதைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். இதை நான் மேலோட்டமாகக் கடந்துபோக விரும்பவில்லை. சினைப்பைப் புற்றுநோய் தொடக்கத்தில் பெரும்பாலும் தனக்கே உரிய அறிகுறி எதையும் காட்டுவதில்லை. வயிறு உப்புசம், பசிக்குறைவு, கொஞ்சம் சாப்பிட்டதும் நிறைந்துவிட்டதுபோல் இருப்பது, அடிக்கடி சிறுநீர் கழிக்கத் தோன்றுவது ஆகியவையே வெளியில் தெரிபவை. இவை நூறு சாதாரணக் காரணங்களாலும் வருபவை. நோயின் சாயலே இல்லாத பெண்களிடம் அதை முன்கூட்டிக் கண்டுபிடிக்க நம்பகமான பொதுப் பரிசோதனை இன்றுவரை இல்லை. அதனால்தான் பெரும்பாலோருக்கு அது வயிற்றுக்குள் பரவிய பிறகே தெரியவருகிறது; மருத்துவர்களே முதலில் செரிமானக் கோளாறு என்று எண்ணி மருந்து கொடுப்பதும் உண்டு. அன்று உங்களுக்குத் தெரிந்திருந்தது வயிற்று உப்புசம் மட்டும். இன்று தெரிந்த முடிவை வைத்துக்கொண்டு அன்றைய உங்களைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துகிறீர்கள். இதை நான் சொல்லி உங்கள் மனம் ஒப்பாது என்றால், தங்கைக்குச் சிகிச்சை அளித்த மருத்துவரிடம் நேரம் கேட்டுச் சென்று, உங்களைத் தூங்கவிடாத கேள்விகளை எழுதி எடுத்துப் போய்க் கேளுங்கள். இறந்தவரின் குடும்பத்தினர் சில மாதங்கள் கழித்து இப்படி வருவதைப் பல மருத்துவர்கள் எதிர்பார்க்கவே செய்கிறார்கள். குற்ற உணர்வு பதில் இல்லாத இடத்தில்தான் வளர்கிறது.

மருத்துவமனைக்குத் திரும்பிப் போவதில் இன்னொரு பயனும் உண்டு. தங்கையின் கடைசிக் காலத்தில் வலிதணிப்புச் சிகிச்சைப் பிரிவு அவளைப் பார்த்துக்கொண்டதா? அப்படியானால் அந்தக் கதவு உங்களுக்கு இன்னும் திறந்தே இருக்கலாம். சிசிலி சாண்டர்ஸ் என்ற மருத்துவர், மரணத்தை நெருங்கிய நோயாளிகளுக்காக 1967இல் லண்டனில் தொடங்கிய செயின்ட் கிறிஸ்டோபர் இல்லத்திலிருந்து வளர்ந்த அந்த மருத்துவத் துறை, நோயாளியின் மரணத்தோடு தன் கடமை முடிந்ததாகக் கருதுவதில்லை. குடும்பத்தினரின் துக்கத்தில் துணை நிற்பதையும் வலிதணிப்புச் சிகிச்சையின் பகுதியாகவே உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை சொல்கிறது. உங்கள் தங்கையை அறிந்த செவிலியரோ சமூகப் பணியாளரோ அங்கே இருந்தால், அவரிடம் பேசும்போது தொடக்கத்திலிருந்து எல்லாவற்றையும் விளக்க வேண்டிய சுமை இருக்காது.

இனி, அவளுக்கு நீங்கள் அனுப்பும் செய்திகள். இறந்தவரிடமிருந்து மனத்தைச் சிறிது சிறிதாக விடுவித்துக்கொள்வதே துக்கத்தின் வேலை என்று உளப்பகுப்பாய்வு முறையை உருவாக்கிய சிக்மண்ட் ஃபிராய்ட் 1917இல் எழுதினார். அந்தக் கருத்து நெடுங்காலம் மருத்துவர்களையும் ஆண்டது. ஆனால் அவருடைய மகள் சோஃபி 1920இல் இன்ஃபுளுவென்சா காய்ச்சலில் இறந்தாள். ஒன்பது ஆண்டுகள் கழித்து, மகனை இழந்த தம் நண்பர் லுட்விக் பின்ஸ்வாங்கருக்கு எழுதிய கடிதத்தில், சோஃபி உயிரோடு இருந்திருந்தால் அன்று அவளுக்கு 36 வயது ஆகியிருக்கும் என்று குறிப்பிட்டு, கடுமையான துக்கம் தணிந்தாலும் அந்த இடத்தை எதுவும் நிரப்பாது என்றும், அப்படி நிரம்பாமல் இருப்பதே சரி என்றும், நாம் கைவிட விரும்பாத அன்பைத் தொடர்வதற்கு அதுவே வழி என்றும் அவரே எழுதினார். கோட்பாட்டில் அவர் சொன்னதைவிட ஒரு தகப்பனாக அவர் சொன்னதுதான் பிற்கால ஆய்வுகளுக்கு நெருக்கமாக இருக்கிறது. 1990களிலிருந்து ஆய்வாளர்கள், இறந்தவரோடு உள்ள பிணைப்பு அறுந்துவிடுவதில்லை, வேறு வடிவத்தில் தொடர்கிறது, அது பெரும்பாலும் இயல்பானது என்று சொல்லிவருகிறார்கள். எனவே எழுதுவதை நிறுத்தச் சொல்ல மாட்டேன்.

ஒரு நடைமுறை எச்சரிக்கை மட்டும் உண்டு. பயன்படுத்தப்படாத கைபேசி எண்ணை நிறுவனங்கள் குறிப்பிட்ட காலத்துக்குப் பின் வேறொருவருக்கு வழங்கிவிடுகின்றன. ஒரு நாள் உங்கள் செய்திக்கு அறிமுகமில்லாத யாரோ பதில் அனுப்பினால், அந்த அதிர்ச்சியைத் தாங்குவது கடினம். அதற்கு முன்பே அவளுடைய குரல் பதிவுகளையும் உங்கள் இருவரின் உரையாடல்களையும் வேறு இடத்தில் நகலெடுத்துப் பத்திரப்படுத்திவிட்டு, எழுதுவதை ஒரு நோட்டுப் புத்தகத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். எண்ணைத் தொடர்ந்து வைத்துக்கொள்ள வேண்டும் என்றால் அதைத் தங்கையின் கணவரோடு பேசி முடிவு செய்யுங்கள்; அவரும் அந்த எண்ணை அழிக்க மனமின்றி இருக்கக்கூடும், பேசத் தொடங்க அதுவே ஒரு காரணமாகவும் அமையும்.

இரவில் அவள் கூப்பிடுவதுபோலக் கேட்பதைப் பற்றியும் அஞ்ச வேண்டாம். டீவி ரீஸ் என்ற மருத்துவர் வேல்ஸ் பகுதியில் துணையை இழந்த 293 பேரைச் சந்தித்து 1971இல் வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழ பாதிப் பேருக்கு இத்தகைய அனுபவங்கள் இருந்தன. பலர் இறந்தவர் அருகில் இருப்பதாக உணர்ந்திருந்தார்கள், சிலர் குரலைக் கேட்டும் இருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் இதை யாரிடமும் சொன்னதில்லை. கேட்பவர்கள் கேலி செய்வார்களோ என்ற பயமும் அதற்கு ஒரு காரணம். அந்தக் குரல் உங்களை மிரட்டினாலோ, எதையாவது செய்யும்படி கட்டளையிட்டாலோ மருத்துவரிடம் செல்லுங்கள். பெயர் சொல்லிக் கூப்பிடுவதுபோல் கேட்பதற்கு மருத்துவம் தேவையில்லை.

இதே காரணத்தால்தான், இழந்தவர்களே கூடும் குழு ஒன்றை நீங்கள் தேடிக்கொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன். 1968இல் இங்கிலாந்தின் காவென்ட்ரியில் ஒரே மருத்துவமனையில் அடுத்தடுத்து இரண்டு சிறுவர்கள் இறந்தார்கள். அங்கே பணியாற்றிய இளம் மதகுரு சைமன் ஸ்டீவன்ஸ், தாம் எவ்வளவு தேற்றினாலும் கிடைக்காத நிம்மதி, அந்த இரண்டு பெற்றோர்களும் ஒருவரோடு ஒருவர் பேசும்போது கிடைப்பதைக் கவனித்தார். அடுத்த ஆண்டு அவர்கள் சேர்ந்து தொடங்கிய சிறு கூட்டம், கருணை நண்பர்கள் என்று பொருள்படும் பெயரில் பல நாடுகளுக்குப் பரவியிருக்கிறது. பிள்ளைகளை இழந்த பெற்றோர்களுக்காகத் தொடங்கிய அது பின்னர் உடன்பிறந்தவர்களையும் சேர்த்துக்கொண்டது. பயிற்சி பெற்ற ஆலோசகராக இருந்தும் இதைச் சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை: தன் அக்காவையோ தம்பியையோ இழந்த ஒருவர் "எனக்கும் அப்படித்தான் இருந்தது" என்று சொல்லும் ஒரு வாக்கியம், எங்கள் அறையில் பல அமர்வுகள் செய்யாததைச் செய்துவிடும். புற்றுநோய் மருத்துவமனைகள், வலிதணிப்பு மையங்கள், மனநலத் தொண்டு அமைப்புகள் வழியாக இத்தகைய குழுக்களைப் பற்றி விசாரிக்கலாம். நேரில் போக முடியாதவர்களுக்கு இணையவழிக் கூட்டங்களும் நடக்கின்றன. சேரும் முன் யார் நடத்துகிறார்கள், பேசியது வெளியே போகாது என்ற உறுதி உண்டா, பேச விருப்பமில்லாத நாளில் கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கலாமா என்று தெரிந்துகொள்ளுங்கள். துக்கத்தை விரைவில் போக்கிவிடுகிறோம் என்று பணம் கேட்கும் இடங்களை விட்டு விலகுங்கள். முதல் கூட்டத்திலிருந்து திரும்பும்போது மனம் போனபோது இருந்ததைவிடக் கனமாக இருக்கலாம். மற்றவர்களின் துயரத்தையும் சேர்த்துக் கேட்டிருப்பீர்கள். இரண்டு மூன்று முறை போய்ப் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள்.

கவுன்சலிங் வேண்டுமா என்ற கேள்விக்கு வருகிறேன். இழப்புக்கு ஆளான பெரும்பாலோர், நெருங்கியவர்களின் துணையோடு, சிகிச்சை எதுவும் இல்லாமலே காலப்போக்கில் வாழ்க்கைக்குத் திரும்புகிறார்கள். ஒரு சிறு பகுதியினருக்கு, பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்து 2017இல் வெளியான ஒரு தொகுப்பாய்வின்படி ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு, துக்கம் அதே தீவிரத்தோடு உறைந்து நின்றுவிடுகிறது. நீடித்த துக்கக் கோளாறு என்று மருத்துவம் இதைக் குறிப்பிடுகிறது. 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடு இதற்குக் குறைந்தது ஆறு மாதங்கள் என்று வரையறுக்கிறது. அதே ஆண்டு திருத்தப்பட்ட அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு பெரியவர்களுக்கு ஓராண்டு என்கிறது. ஒரு கணக்கில் நீங்கள் எல்லையைத் தாண்டியிருக்கிறீர்கள், இன்னொரு கணக்கில் தாண்டவில்லை. எனவே நாள்காட்டியை மட்டும் வைத்து உங்களை அளந்துகொள்ளாதீர்கள். அநேகமாக ஒவ்வொரு நாளும் ஏக்கம் வேலை செய்யவிடாமல் முடக்குகிறதா, அவள் இறந்ததை மனம் இன்னும் நம்ப மறுக்கிறதா, அவளை நினைவூட்டும் இடங்களையும் பொருட்களையும் முற்றிலும் தவிர்க்கிறீர்களா, உங்களில் ஒரு பகுதியே செத்துவிட்டதுபோல் இருக்கிறதா, வாழ்வதற்குப் பொருளே இல்லை என்று தோன்றுகிறதா, முதல் மாதங்களோடு ஒப்பிட்டால் எதுவுமே தளரவில்லையா என்று பாருங்கள். இவற்றில் பலவற்றுக்கு ஆம் என்றால், துக்க சிகிச்சையில் பயிற்சி பெற்ற உளவியலாளரைக் கட்டாயம் பாருங்கள். இல்லை என்றாலும், பேச ஒரு நடுநிலையான இடம் வேண்டும் என்ற ஒரே காரணத்துக்காகவே ஓர் ஆலோசகரிடம் போகலாம்.

இதற்கென்றே உருவான சிகிச்சை இருக்கிறது. கேத்ரின் ஷியர் என்ற மனநல மருத்துவர் வடிவமைத்த முறை சுமார் 16 அமர்வுகள் கொண்டது. மனச்சோர்வுக்கான வழக்கமான பேச்சு சிகிச்சையைவிட அது கூடுதலானவர்களுக்குப் பயன் தந்ததை 2005இல் வெளியான அவருடைய ஆய்வு காட்டியது. இறந்த நாளின் கதையை ஆலோசகரின் துணையோடு மெதுவாகச் சொல்லிக் கேட்பதும், இறந்தவரோடு கற்பனையில் உரையாடுவதும், தவிர்த்துவந்த இடங்களுக்குச் சிறுகச் சிறுகத் திரும்புவதும் அதில் அடங்கும். நீங்கள் கைபேசியில் தனியாகச் செய்துவருவதற்கு அது வெகு தொலைவில் இல்லை. துணைக்கு ஒருவர் இருப்பார் என்பதுதான் வேறுபாடு. மாத்திரைகளைப் பொறுத்தவரை, மனச்சோர்வு எதிர்ப்பு மருந்து துக்கத்தின் ஏக்கத்தைக் குறைக்கவில்லை, உடன் இருந்த மனச்சோர்வைக் குறைக்கவே உதவியது என்பது அவருடைய குழுவின் 2016ஆம் ஆண்டு ஆய்வின் முடிவு. ஆகவே மாத்திரையை மட்டும் எழுதிக் கொடுத்து அனுப்பும் இடத்தோடு நின்றுவிட வேண்டாம். ஆலோசகரை முதலில் சந்திக்கும்போது, துக்கத்தில் இருப்பவர்களோடு பணியாற்றிய அனுபவம் உண்டா, எப்படிச் செய்வீர்கள், ஏறத்தாழ எத்தனை அமர்வுகள் என்று தயங்காமல் கேளுங்கள். நல்ல ஆலோசகர் இதற்குக் கோபப்பட மாட்டார். உங்களை அவசரப்படுத்துபவராகவோ தம் நம்பிக்கைகளை உங்கள்மேல் திணிப்பவராகவோ தெரிந்தால் வேறொருவரைத் தேடுங்கள்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். "அவளோடு நானும் போயிருக்கலாமே" என்ற எண்ணம் துக்கத்தில் பலருக்கும் வந்து போகும். ஆனால் எப்படி, எப்போது என்று மனம் வழி தேடத் தொடங்கினால், அது காத்திருக்கக் கூடிய விஷயம் அல்ல. அன்றைக்கே ஒருவரிடம் சொல்லுங்கள், தனியாக இருக்காதீர்கள், அருகிலுள்ள அவசர சிகிச்சைப் பிரிவுக்கோ தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணுக்கோ உடனே செல்லுங்கள் அல்லது பேசுங்கள். தூக்கத்துக்காக மதுவோ, மருத்துவர் எழுதித் தராத மாத்திரையோ பழக்கமாகிக்கொண்டிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். நெஞ்சு வலி, மூச்சுத் திணறல் வந்தால் துக்கத்தால்தான் என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள். கடும் துயரம் இதயத்தையே தற்காலிகமாகப் பலவீனப்படுத்தும் ஒரு நோய் நிலை உண்டு, 1990இல் ஜப்பானிய மருத்துவர்கள் அதை விவரித்தார்கள், மாதவிடாய் நின்ற பெண்களிடம் அது அதிகம் காணப்படுகிறது. உங்கள் தாயாரையும் மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

தாயார் முன் அழக் கூடாது என்று உங்களுக்கு நீங்களே விதித்துக்கொண்டது அவர்மேல் உள்ள அன்பினால்தான். ஆனால் அவரும் உங்கள் முன் அழக் கூடாது என்று அடக்கிக்கொண்டிருக்கலாம். ஒரே வீட்டில் இருவர் ஒருவருக்காக ஒருவர் வறண்ட கண்களோடு நடமாடுவதை நான் அடிக்கடி பார்க்கிறேன். அதனால் இருவருமே காப்பாற்றப்படுவதில்லை. "அம்மா, எனக்கும் அவள் நினைவாகவே இருக்கிறது" என்ற ஒரு வரியில் தொடங்குங்கள். அவர் அழலாம், பேச்சை மாற்றவும் செய்யலாம். மாற்றினால் வற்புறுத்தாதீர்கள், இன்னொரு நாள் தானாக வருவார். அவரைத் தேற்றும் முழுப் பொறுப்பும் உங்களுடையதல்ல. வாரத்தில் ஒரு நாள் அவரோடு இருக்க வேறொரு உறவினரை ஏற்பாடு செய்யுங்கள். அந்த நாள் உங்களுக்கானது.

நான்கு மாதங்களில் முதல் ஆண்டு நிறைவு வரும். அந்த நாளைவிட அதற்கு முந்தைய இரண்டு வாரங்கள் கடினமாக இருப்பதாகப் பலர் சொல்கிறார்கள். தணிந்திருந்த தூக்கமின்மையும் அழுகையும் அப்போது திரும்பி வந்தால், மீண்டும் தொடக்கத்துக்கே போய்விட்டோம் என்று கலங்காதீர்கள். அந்த நாளில் யாரோடு இருக்க வேண்டும், எதில் கலந்துகொள்வீர்கள், எதிலிருந்து விலகி இருப்பீர்கள் என்பதை இப்போதே யோசித்து, விடுப்புத் தேவையானால் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். இந்த வாரம் நீங்கள் எழுதப்போகும் அந்தத் தோழியிடம் அந்தத் தேதியையும் சேர்த்துச் சொல்லி, அன்று தானாகவே உங்களை அழைக்கும்படி கேட்டுக்கொள்ளுங்கள்.